கம்பளி, மூச்சு

நவம்பர் கடைசியில் தூர்டிஸ் கூப்பிட்டாள்.
சூரியன் மலைக்குப் பின்னால் போய் நான்கு நாள்.
இனி ஜனவரி வரை டிரோம்சோவில்
மதியம் என்பது ஒரு நீலக் கறை.

சுவரில் இரண்டு சதுரம் அடிக்கச் சொன்னாள்.
டப்பா மூடியில் ஒன்றுக்குப் பெயர் கம்பளி,
இன்னொன்றுக்கு மூச்சு.
இருபத்தாறு வருடமாகப் பிரஷ் பிடிக்கிறேன்,
ஒட்டி வைத்தால்தான் எனக்கே வித்தியாசம் தெரியும்:
கம்பளியில் மஞ்சள் ஒரு சிட்டிகை,
மூச்சில் சாம்பல் அரைச் சிட்டிகை.

"கம்பளி அழுக்கா இருக்கு" என்றான் ஐவின்.
"மூச்சு ஆஸ்பத்திரி மாதிரி" என்றாள் அவள்.
விளக்கைப் போட்டார்கள். இரண்டும் வெண்ணெய்.
அணைத்தார்கள். இரண்டும் மீன் வயிறு.
சோபாவை நகர்த்தி, விரிப்பைச் சுருட்டி,
காகிதத்தில் ஓட்டை போட்டு ஒற்றைக் கண்ணால் பார்த்து,
கடைசியில், வெயில் வரட்டும் என்று முடிவானது.
ஏணியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

டிசம்பரில் ஒருமுறை போனபோது
சதுரங்களுக்குக் கீழே பென்சில் கோடுகள்.
வந்து போனவர்களிடமெல்லாம் ஓட்டு வாங்கியிருந்தார்கள்.
தபால்காரர் மூச்சு.
மேல்வீட்டு ஓடுன்
"எது எது?" என்று கேட்டுவிட்டு
இரண்டுக்கும் ஒவ்வொரு கோடு.

ஜனவரி இருபத்தொன்று.
பேக்கரியில் சூரியப் பன்னுக்கு வரிசை,
பிள்ளைகளெல்லாம் பள்ளி மைதானத்தில்,
ஊரே தெற்கே மலையைப் பார்த்து நின்ற நேரம்
நாங்கள் மூன்று பேர் மட்டும்
ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
சுவரைப் பார்த்து நின்றோம்.

ஒரு பட்டை வெளிச்சம்
நாற்காலியில் ஏறியது, ஏணியில் ஏறியது,
சதுரங்கள் இரண்டும் சிவந்தன.
சொல்லிவைத்தாற்போல் ஒரே சிவப்பு.
ஐவினின் காது மடலும் அதே.
நாலு நிமிடம்
யாரும் ஒன்றும் பேசவில்லை.
பன்னிலிருந்து ஜாம் என் சட்டைக் கையில் வழிந்தது.

பிறகு பழையபடி நீலம்.
"பாத்தியா, கம்பளிதான்" என்றாள்.
"மூச்சு" என்றான்.

கம்பளிதான் அடித்தேன்.
கதவை ஒட்டிய குறுகல் சுவர் வந்தபோது டப்பா காலி.
ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை.
மூச்சில் அரை டப்பா
மூலையில் சும்மா கிடந்தது.

அங்கேதான் இப்போது ஐவின் நாற்காலி போட்டிருக்கிறானாம்.
போனில் தூர்டிஸ் சொன்னாள்,
ஏனென்று அவனுக்கும் தெரியவில்லையாம்.
நான் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தேன்.
பில்லில்
ஒரு பெயர்தான் எழுதியிருந்தேன்.