மூன்றாம் மாதம்

தாதி கொப்பியில் மூன்று மாதம் என்று எழுதுமுன்னே
என் விரல்கள் பழைய கணக்கைத் தொடங்கிவிட்டன.

ஆரூரனைச் சுமக்கையில் எனக்கு முப்பத்தெட்டு.
அவருக்கு நாற்பத்தாறு.
ஐந்தாம் மாதம் டெங்கு. பனடோல் எத்தனை என்று
அப்போது எண்ணவில்லை, இப்போது எண்ணுகிறேன்.
பக்கத்துப் புகையிலைக்கு மருந்தடித்த நாட்களில்
யன்னலைச் சாத்தினேனா?
சாத்தினேன்.
சில நாள் மறந்திருப்பேன்.

மாமி ஊசியைச் சொன்னா.
மச்சாள் செல்போனைச் சொன்னா.
வாசலில் செருப்பைத் தேடியபடி ஒருத்தி,
"வயித்திலை இருக்கேக்கை நீ ஒரே அழுகை" என்றாள்.
உண்மைதான்.
அண்ணனின் படத்தோடு
கச்சேரி வாசலில் நின்ற வருடம் அது.

டொக்டர் ஊசி இல்லை என்றார், உறுதியாக.
மற்றதற்கெல்லாம் பேனையை மூடித் திறந்தார்.
"பரம்பரையிலை ஒரு பங்கு.
இன்னும் பிடிபடாதது கொஞ்சம்.
உங்கடை பிழை எண்டு ஒண்டுமில்லை."
இதுக்கும் வருமோ?
"மற்றாக்களை விடக் கொஞ்சம் கூட.
வராமலும் விடலாம்."

வராமலும் விடலாம்.
கோண்டாவில் பஸ்ஸில் அதை வாயில் வைத்துப் பார்த்தேன்.
யார் வராமல்?
பக்கத்தில் அவன், கண்ணாடியில் கன்னம்.
கியர் மாறமாற அதே சுருதியில் முனகுகிறான்.
தட்டாதெருவடியில் டிரைவருக்குக் கியர் பிசகியது,
அவன் சரியாகவே முனகினான்.

வீட்டில்,
பட்டியலைக் கிழிக்க மனம் வரவில்லை.
அரிசி வாளிக்குள் மடித்து வைத்தேன்.
வெளியே மருந்தடிக்கும் மெசின்.
ஓடிப்போய் யன்னலைச் சாத்தினேன்.

அவன் திறந்தான்.
அந்தச் சுருதி அவனுக்கு வேணும்.