அரையும் காலும்

"ஒண்ணு நல்லாருக்கா, ரெண்டு நல்லாருக்கா?"
என்கிறாள் நஸ்ரீன்.
புரசைவாக்கத்தில் முதல் மாடி,
மூக்கின் மேல் இரும்புக் கனத்தில் சோதனைச் சட்டம்.
ஒண்ணு.
ரெண்டு.
மறுபடி ஒண்ணு போடுங்க.
எனக்கே வெட்கமாயிருக்கிறது,
புடவைக் கடையில்கூட
இத்தனை முறை பிரிக்கச் சொன்னதில்லை.

கடைசி வரியில்
ப-வா ம-வா என்று பிடிபடாத ஒன்றை
ப என்று சொல்லிவிட்டேன்.
பரீட்சையா இது?
எதற்கு எனக்குத் தேறிவிடும் ஆசை?

வலது மைனஸ் அரை. இடது மைனஸ் கால்.
"போட்டாலும் போடலாம்,
போடலைன்னாலும் ஒண்ணும் கெட்டுடாது மேடம்.
தலைவலி இருக்கா? ராத்திரி வண்டி ஓட்டுவீங்களா?"

தலைவலி உண்டு.
அது மார்ச் மாதத்துத் தலைவலி,
கணக்கு முடித்தால் போய்விடும்.
வண்டி ஓட்டுவேன்.
மழை விட்ட ராத்திரியில்
ஓட்டேரிப் பக்கத்து விளக்குகள்
ஒவ்வொன்றும் மத்தாப்பாய்ச் சிதறும்.
எல்லோருக்கும் அப்படித்தான் என்று
முப்பத்தேழு வருடம் நினைத்திருந்தேன்.

சட்டத்தோடு என்னை ஜன்னலுக்கு அனுப்பினாள்.
எதிர்மாடித் தண்ணீர்த் தொட்டியில் ஒரு காக்கை.
அதன் காலில்
சுற்றிக்கொண்ட மாஞ்சா நூல்.
கழற்றினேன்.
காக்கை இருந்தது, நூல் இல்லை.
மாட்டினேன்.
நூல்.
இதைத் தெரிந்துகொண்டு
நான் என்ன செய்ய, நஸ்ரீன்?

குணசீலனுக்கு ஃபோன் போட்டேன்.
"முக்காலே மூணு வீசம் தெரியுதுல்ல,
விடு" என்றார்.
பின்னால் குக்கர் விசில்.
ஃபிரேம் ஆயிரத்து நானூறிலிருந்து.
ஒன்றை மாட்டிப் பார்த்தேன்,
கண்ணாடியில் யாரோ ஒரு ஆடிட்டர்
என்னிடம் ரசீது கேட்டாள்.
"யோசிச்சுச் சொல்றேன்."
சீட்டை நான்காக மடித்துப் பையில் போட்டேன்.

வண்டி சர்வீசில் கிடக்கிறது.
நிறுத்தத்தில் நிற்கிறேன்.
தூரத்தில் ஒரு பஸ் திரும்புகிறது,
இருபத்தொன்பது... சி-யா, ஈ-யா?
கண்ணை இடுக்கியும் ஆகவில்லை.
பக்கத்தில் சோடாபுட்டி போட்ட பையனைக் கேட்டேன்.
கழற்றினான், சட்டை நுனியில் துடைத்தான்,
மாட்டி, கழுத்தை நீட்டி,
"வரட்டும்க்கா, பாக்கலாம்" என்றான்.

அதற்குள் நான்
கேபிள் கம்பியில் வரிசையாய் உட்கார்ந்திருந்த
காக்கைகளின் கால்களை
ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.