உள்கசிவு

அடியில் பேப்பர் விரித்துப் பார்த்தேன்
மூன்று இரவு. ஒரு சொட்டில்லை.
ஆனாலும் கியர் ஆயில் குறைகிறது.
எழுபத்தெட்டாம் வருஷத்து எஸ்டி,
சத்துவாச்சாரி சந்து முழுக்க வெண்புகை.
மெர்சி டீச்சர் கொடித்துணியை அள்ளியபடி
'கொசு மருந்து வண்டியா சார்?'

வெளியே விடவில்லை,
உள்ளேயே குடிக்கிறது.

கிளட்சைக் கழற்றினேன்.
சீலின் உதடு கருவாடாய் விறைத்திருந்தது.
புதுசை மாட்டுமுன் ஷாஃப்டில் நகத்தை ஓட்டினால்
தட்டுகிறது:
இத்தனை வருஷம் ஒரே இடத்தில் உரசி
இரும்பில் பள்ளம் பறித்திருக்கிறது
ரப்பர்.
ரப்பர்!

ஒரு மில்லி தள்ளி இறக்கினேன்,
தேயாத இடத்தில் உதடு படும்படி.

நாலாம் உதையில் பிடித்தது.
காட்பாடி பாலம் வரை புகையில்லை.
திரும்பி வந்து நிறுத்தினேன்.
பேப்பரில்
பொத்தென்று ஒரு சொட்டு.

வடிகால் போல்ட்டின் வாஷர்
என் சட்டைப்பையில்.