கிழக்குக் கடல், மாலை

அறையிலிருந்து கடல் தெரியாது.
எதிர்ச்சுவரில் எட்டு மீட்டர் பெட்டிகள்,
ஒரு பழைய ஏசி,
அது சொட்டுவதற்கென்று வைத்த பெயிண்ட் டப்பா.
ராயபுரத்தில் மூன்றாம் மாடி. கீழே பேட்டரிக் கடை.
ஆனாலும் கடலுக்கு இந்த முகவரி தெரியும்.
ஜன்னல் கம்பியை ராத்திரியில் தின்கிறது.
ஈசலின் திருகாணிகளை
ஆறு மாதத்துக்கு ஒருமுறை
வாடகை கேட்பதுபோல் வந்து வாங்கிப் போகிறது.

நாலுக்கு மூன்றடி, ஒரு கடல் வேண்டும்.
திரிலோக்சந்த் போனில் சொன்னார்:
நீலாங்கரையில் புது ஹோட்டல், ரிசப்ஷன்,
சோபா ஆரஞ்சு.
சூரியன் தண்ணிக்குள்ள பாதி எறங்கியிருக்கணும் மேடம்.

நம்ம கடல் கிழக்காச்சே என்றேன்.

பரவால்ல மேடம் என்றார்.

அட்வான்ஸில் கரண்ட் பில் கட்டினேன்,
காட்மியம் ஆரஞ்சு ஒரு டியூப் வாங்கினேன்.
மூடியைத் திறக்காமல் மூன்று நாள்
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் காசிமேட்டுக்கு நடந்தேன்.
ஏலம் முடிந்து ஐஸ் உருகி ஓடும் நேரம்.
சூரியன் என் முதுகுப் பக்கம்
பேசின் பாலத்துக்கும் அப்பால்
தண்டவாளங்களுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.
கடல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.
நான் கடலைப் பார்த்தேன்.
அடிவானத்தில் சாம்பல் நீலத்தில் ஒரு பட்டை,
அதன்மேல் சின்ன வெங்காயத் தோல் நிறத்தில் இன்னொன்று.
கீழது ஏற ஏற மேலது மெலிந்தது.
பூமியின் நிழல் அது என்று பிறகு படித்தேன்.
அவ்வளவு பெரிய நிழல்
வலை மடிக்கும் ஒருவரும் நிமிர்ந்து பார்க்காமல்
எழுந்து நின்றது.

திரும்பி வந்து முதல் பூச்சு:
காவியில் டர்பன்டைன், ரசம்போல் நீர்க்க.
மறுநாள் அதன்மேல் கொஞ்சம் எண்ணெய்,
அதன்மேல் இன்னும் கொஞ்சம்.
நீலம் அதிகம் செலவாகவில்லை.
பச்சையை அழுக்காக்கத்தான் நேரம் பிடித்தது,
டிக்காஷன் வடிகட்டிய துணியின் நிறம் வரும்வரை.
நுரையைக் கத்தியால் வைத்தேன்,
தோசைக்கு வெண்ணெய் வைப்பதுபோல்,
இழுக்காமல்.
ஆரஞ்சு ஒரே இடத்தில்,
கரைக்கு வரும் அலையின் வயிற்றில்,
அதுவும் கடுகளவு.

ஐப்பசி. எண்ணெய் காயவில்லை.
ஃபேன் போட்டால் தூசி, நிறுத்தினால் புழுக்கம்.
பத்து நாளாகியும்
அலைமுகடு விரலில் ஒட்டிக்கொண்டு வருகிறது.
துடைத்த கையோடு சாப்பிட உட்கார்ந்தால்
தயிர்சாதத்தில் ஆளிவிதை வாசனை.

திரிலோக்சந்துக்குப் படம் அனுப்பினேன்.
சூரியன் எங்க மேடம்?
உங்களுக்குப் பின்னாடி, என்று எழுதினேன்.
இரண்டு நீல டிக்.
அப்புறம் ஒன்றுமில்லை.
அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பாரோ என்று
போன் அடிக்கும்போதெல்லாம் தூரிகை ஒரு கணம் நிற்கிறது.

நேற்று மழை விட்ட ராத்திரி
விளக்கைச் சுற்றி ஈசல் கூட்டம்.
மர ஈசலும் சிறகு ஈசலும்
ஒரே பெயரில் ஒரே அறையில் விடிய விடிய.
காலையில் தரையெங்கும் இறக்கை.
பெருக்கி முடித்த பிறகுதான் பார்த்தேன்,
அடிவானத்தை ஒட்டி ஈர வண்ணத்தில் ஒன்று,
நிமிர்ந்து.
இடுக்கியை எடுத்தேன். வைத்தேன்.

தண்ணி கேன் போட வரும் தேசப்பன்
இருபது லிட்டரைத் தோளிலிருந்து இறக்காமலே
வாசலில் நின்று பார்த்தான்.
பாயா அது? இப்ப யாருக்கா பாய் கட்டுறாங்க,
எல்லாம் இன்ஜினு.
கொஞ்சம் கிட்டே வந்தான்.
சாயங்காலத்துல தனியா போவுது.
எந்தூரு போட்டு?

தெரியல என்றேன்.
கேனை இறக்கி வைத்து, துண்டால் கழுத்தைத் துடைத்தபடி
இன்னும் பார்த்துக்கொண்டிருந்தான்.
காலி கேனை எடுக்க மறந்து போய்விட்டான்.