மூவாயிரத்து நானூறு ரேண்ட்

அவ்வளவு மிச்சம் என்று
இரவு ஒன்றரை மணிக்கு என்னை எழுப்பிச் சொன்னார் தயாளன்.
டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் ஒரு சீட்டு.
அங்கிருந்து தோஹா வழியாகச் சென்னை இன்னொன்று.
வேறு வேறு கம்பெனி, வேறு வேறு எண்.
சேர்த்து வாங்குகிறவன் முட்டாள் என்றார்.
எனக்குத் தூக்கம். சரி என்றேன்.

பல் கட்டத்தான் போகிறோம்.
சாட்ஸ்வொர்த் டாக்டர் ஒரு பல்லுக்குக் கேட்ட தொகையில்
சென்னையில் வாய் முழுக்கக் கட்டலாமாம்,
மீதியில் கடலும் பார்க்கலாமாம்.
கடல் டர்பனிலேயே இருக்கிறது. நான் சொல்லவில்லை.
செவ்வாய் காலை பத்துக்கு நாற்காலி காத்திருக்கும்.
முன்பல் இரண்டு போனதிலிருந்து
வாயை மூடிக்கொண்டே சிரிக்கிறார் மனிதர்,
கடன் பத்திரம் வைத்த இழுப்பறை மாதிரி.

மிச்சப்பட்ட பணத்தில்
ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெட்டி வாங்கினோம்.

நவம்பரில், நாலு மணிக்கு மேல்,
ஜோகன்னஸ்பர்க் வானம் இடியின் குத்தகை.
எங்கள் விமானம் ஹைடெல்பெர்க் மேலே சுற்றியது.
ஒரு சுற்று. இன்னொரு சுற்று.
சுரங்க மண்மேடுகள் மஞ்சளாய் நனைவதை
மூன்றாம் முறை பார்த்தபோது
தயாளன் கைக்கடிகாரத்தைச் சட்டைக்கைக்குள் தள்ளினார்,
மறைத்தால் நின்றுவிடும் என்பதுபோல்.

பெட்டிக்கு ஒட்டிய தாளில்
ஜோகன்னஸ்பர்க் என்று மட்டும் இருந்தது.
அதற்கு மேல் அது யார் பெட்டியோ.
பெல்ட் ஓரம் நின்றோம்.
ஊரார் மூட்டையெல்லாம் வந்து வந்து போயிற்று,
ஒரு கோல்ஃப் பை மூன்று தடவை எங்களைக் கடந்தது.
ஆரஞ்சு வந்தது, கடைசிக்கு முந்தியதாக.
மாடிக்கு ஓடினோம்.
என் இடது செருப்பு மட்டும் ஓட ஒப்பவில்லை.

கவுண்டர் மூடிப் பதினொரு நிமிடம்.
விமானம் அங்கேயே நின்றது, கண்ணாடிக்கு அப்பால்,
விளக்கெல்லாம் போட்டுக்கொண்டு,
கல்யாண வீடு மாதிரி.

ந்தாபிசெங் என்று மார்பில் பெயர் குத்திய பெண்
(‘என்னை மகிழ்வி’ என்று பொருளாம், பிறகு அறிந்தேன்)
பொறுமையாய்ச் சொன்னாள்:
எங்கள் விமானம் நேரத்துக்குக் கிளம்புகிறது அம்மா.
முதல் கம்பெனிக்காரர் போனில் சொன்னார்:
ஜோகன்னஸ்பர்க்கில் இறக்குவதாகச் சொன்னோம், இறக்கினோம்.
இருவரும் பொய் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஒரு தாளுக்கு மற்றத் தாளைத் தெரியாது.
நடுவில் முடிச்சாக இருந்தவர்கள்
அறுபத்தொரு வயதும் ஐம்பத்தெட்டு வயதும்தான்,
முடிச்சுக்கு மூச்சு வாங்கியது.

திரும்பும் பயணமாவது இருக்கட்டுமே என்றார் தயாளன்.
அதுவும் ரத்து என்றாள்.
போகாதவர்கள் எங்கிருந்து திரும்புவது?
நியாயம்தான்.
நாற்பது வருஷத்தில் அவரிடம் நான் கேட்காத நியாயம்.

புதிய விலையைத் திரை திருப்பிக் காட்டினாள்.
இருபத்து நாலாயிரம்.
அதில் மூவாயிரத்து நானூறைக் கழித்துப் பார்த்தேன்,
பழக்க தோஷம்.

‘நீங்கள் இருவரும் சேர்ந்தா பயணம்?’
பதிவு செய்வதற்காகக் கேட்டாள்.
ஆமாம் என்றார் அவர், உடனே.
நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.
விழுங்கிவிட்டுத்தான் சொன்னேன்.
அந்தச் சின்ன நேரத்தில்
என் முகத்தையே பார்த்தார்,
மேகத்துக்குள் மூன்று சுற்றிலும் அப்படிப் பார்க்கவில்லை.

நாளை இரவு விமானம்.
பல் டாக்டர் வியாழனுக்கு மாற்றித் தந்தார்.
இரும்பு நாற்காலியில், ஆரஞ்சின் மேல் கால் நீட்டி,
ஆளுக்குப் பாதி சமோசா தின்றோம்.
‘இது ஒரே சீட்டுதானே, சென்னை வரைக்கும்?’
இரண்டு முறை கேட்டார் தயாளன்.
ஒரே சீட்டுதான் என்றேன்.
சிரித்தார்.
வாயை மூடிக்கொள்ள மறந்துவிட்டார்.