ஐந்தாம் எழுத்து

செவ்வாய் இரவு செயலி
தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது.
புதன்கிழமை பார்த்தால்
மூலையில் இருந்த குட்டிப் பெட்டியும்
அதன் காதோர மூன்று வளைகோடுகளும் இல்லை.

ரிமாந்தாஸ் போனை அணைத்து ஏற்றினான்.
மரிவிக் வைஃபையைத் திட்டினாள், அதன் தாயையும் சேர்த்து.
கறுத்துக் கிடந்த டிவி
எங்கள் பதினோரு பேரை எங்களுக்கே காட்டியது.

ஒருவரி அறிவிப்பு வந்தது:
இனி உங்கள் தொலைக்காட்சியின் ரிமோட்டைப் பயன்படுத்தவும்.

ரிமோட்!
அது போய் இரண்டு குளிர்காலம் ஆகிறது.
யாருடைய மழைக்கோட்டிலோ ஏறிப்
படகுக்குப் போனதாக ஒரு கட்சி,
சோஃபா தின்றுவிட்டதாக இன்னொரு கட்சி.
நாங்கள் தேடவில்லை.
மீன்வாடை போகாத விரலால் ஒரு தட்டு,
உள்ளங்கைப் படம் காற்றில் நடந்து சுவரேறும்.
உருளைக்கிழங்கு உரிக்கிறவள் அங்கிருந்தே நிறுத்துவாள்,
படுத்துக் கிடக்கிறவன் திருட்டுத்தனமாய் மாற்றுவான்,
சண்டை வரும்.
சண்டையும் ஒரு நிகழ்ச்சிதான் ஐஸ்லாந்தின் இந்த மூலையில்,
நவம்பரில் மலைக்குப் பின்னால் விழுந்த சூரியன்
ஜனவரிக் கடைசியில்தான் எட்டிப் பார்க்கிற ஊரில்.

பெட்ரோல் பங்கில்
சாசேஜ் வேகும் பானைக்குப் பக்கத்தில் தொங்கியது
எல்லா டிவிக்கும் பொருந்துகிற ஒன்று.
ஆளுக்கு நானூறு குரோனா போட்டோம்.
டிவி விழித்தது. விழித்ததும் கேட்டது:
யார் நீ? கடவுச்சொல் என்ன?

கணக்கு போகுமிவுடையது.
செப்டம்பரில் கிதின்யாவுக்குப் போய்விட்டான்,
கத்திகள் தொங்கும் இடத்தில்
ரிமாந்தாஸோடு கைகலந்த மறுநாள்,
யாரிடமும் சொல்லாமல்.
எதற்கு அந்தச் சண்டை என்று
ரிமாந்தாஸும் சொன்னதில்லை.
ஆனால் போனவன் மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருந்தான்,
நாங்களும் அதைப் பற்றி வாய் திறக்காமல்
பார்த்துக்கொண்டிருந்தோம்.

யார் அழைப்பது?
சீட்டுக் குலுக்கியதில் என் பெயர்.

"ம்" என்றான். இருமினான்.
பின்னால் டிராலிபஸ் கதவு மூடும் சத்தம்.
"இப்போதே வேண்டுமா?"
வேண்டும் என்றேன்.
"எழுத்தெழுத்தாகச் சொல்கிறேன்.
நீ திருப்பிச் சொல்லாதே."

நான் சொல்லவில்லை. திரை சொன்னது.
கட்டத்தில் விழுவது புள்ளிதான்,
ஆனால் அம்பு நிற்கும் எழுத்து
சுவரில் மஞ்சளாக எரிகிறதே.
ஹெச்.
ஏ.
எல்.
ஐ.

"ஹாலிபட்!" என்று கத்தினான் ரிமாந்தாஸ்.
எல்லோரும் சிரித்தோம்.
பொழுது விடிந்தால் (விடிகிற மாதமா இது)
பெட்டி பெட்டியாய் அந்தப் பெயரைத்தான் ஒட்டுகிறோம்.
சரியான மீன்பைத்தியம் என்றாள் மரிவிக்.

ஐந்தாம் எழுத்துக்கு
அம்பு மேலே பி-க்கு ஏறவில்லை.
கீழே ஒன்று, இடப்பக்கம் ஒன்று.
என்.

ஹீட்டர்மேல் காலுறை காயப்போட்டுக்கொண்டிருந்த ஹாலினா
ஒரே காலுறையை இரண்டு தடவை திருப்பினாள்.
ரிமாந்தாஸ் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்,
கட்டைவிரலடியில் அந்தத் தழும்பை.

ஆறாவது எழுத்து.
பிறகு அவள் அறை எண்.

படம் ஓடியது. ஏதோ கொள்ளைக்கூட்டம், ஏதோ பாலம்.
என்னைக் கேட்டால் கதை தெரியாது.
போனை வைக்க மறந்திருந்தேன்.
அவனும் வைக்கவில்லை.
பாலம் வெடித்தபோது
கிதின்யாவில் யாரோ மூச்சுவிட்டார்கள்.

நாளைக்கே மாற்றிவிடுவான் என்று பந்தயம் கட்டினோம்.
பந்தயப் பணம் இன்னும் காபி டப்பாவில் கிடக்கிறது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு
டிவி மறுபடி கேட்டது, யார் நீ?
நான் போனைத் துழாவினேன்.
ஹாலினா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து
ரிமோட்டை வாங்கினாள்.
கீழே ஒன்று, இடப்பக்கம் ஒன்று...
சம்பளச் சீட்டில் கையெழுத்துப் போடுகிற வேகம்.
உட்கார்ந்தாள்.
"யாராவது விளக்கை அணையுங்கள்" என்றாள்.