நாலு அங்குலம்

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
படங்கில் கொட்டிய பேல் உடுப்புக்குள்
கைவிட்டுத் துழாவியபோது
சதுரம் சதுரமாய்ப் பிடிபட்டது.
கறுப்பு, வெள்ளை, கறுப்பு.
தாம் பலகையை யாரோ நட்டு நிறுத்தி
கை நுழைய இரண்டு ஓட்டை போட்டதுபோல்
ஒரு கவுன்.

இடுப்பு என்று ஒன்று அதில் இல்லை.
முழங்காலுக்கு ஒரு சாண் மேலேயே
துணிக்கு அலுத்துவிட்டது.
கழுத்துப் பட்டியில் இங்கிலாந்து.
நெஞ்சில் ஐந்து ரூபாய்க் குற்றியளவு
பழுப்புக் கறை.
தேத்தண்ணி என்றுதான் நம்புகிறேன்.
எந்த மலைத் தூள் என்று யாரிடம் கேட்பது?
முந்நூற்றைம்பது சொன்னான்,
இருநூற்றெண்பதுக்கு முடித்தேன்.

அறுபதுகளில் லண்டன் குமரிகள்
இப்படித்தான் ஸ்கூட்டரில் போனார்களாம்,
கண்ணுக்குக் கீழேயும் மை தீட்டிக்கொண்டு.
செவ்வந்தி ஃபோனில் காட்டினாள்.
"ஒரு தையலும் பிரிச்சிடாத,
பழசு பழசாவே இருக்கணும்."
செவ்வந்திக்கு வேலை நகைக்கடையில்,
கண்ணாடிக் கதவுக்கு உள்ளே.

எனக்கு லிந்துலை, பால் சேகரிக்கும் நிலையம்.
விடிய ஐந்தரைக்கு முதல் கேன்.
லயத்திலிருந்து ரோட்டுக்கு
நூற்றிரண்டு படி,
அதில் பதினேழு உடைந்தது.

முதல் நாள் அப்படியே போட்டுப் போனேன்.
பஸ் மிதிபலகையில் கால் எட்டவில்லை;
கொண்டக்டர் வானத்தைப் பார்த்தார், நல்ல மனுஷன்.
கேனுக்குக் குனிந்தேன்,
முதுகு ஸிப் வாயைத் திறந்தது.
லாக்டோமீட்டரை எங்கே செருகுவது?
பேனையை? சில்லறையை?
லண்டன் குமரிகளுக்கு
வீட்டுச் சாவிகூட இருக்கவில்லையா?

தலவாக்கலை சமீம் நானா
கவுனைத் தலைகீழாய்ப் பிடித்துப் பார்த்தார்.
"இதுக்கு இடுப்பு எங்க மகள்?"
"இல்லாததுதான் நானா ஸ்டைலே."
"அப்ப எனக்கு வேல கொறவு."

முதுகை மூடித் தைத்தார்.
தோளில் மூன்று பொத்தான், வட்டமாய், வெள்ளையாய்.
யாரோ மாப்பிள்ளையின் கோட்டில் மிஞ்சிய கறுப்பில்
இரண்டு பொக்கட்,
வலதுபக்கம் மட்டும் நீளம்,
லாக்டோமீட்டரை வைத்து அளவெடுத்தது.
பிறகு கீழ் ஓரத்தைப் பிரித்தார்.
உள்ளே நாலு அங்குலம்
மடித்து வைத்திருந்தாள் அந்தப் பெயர் தெரியாதவள்.
அம்மா ஏசினால் இறக்கிவிடலாம் என்றிருக்கும்.

உள்ளுக்குக் கழுத்து மூடிய ஸ்கினி,
காலுக்குக் கறுப்பு டைட்ஸ்.
குளிருக்குத்தான் போட்டேன்,
ஸ்டைல் தானாய் வந்து ஒட்டிக்கொண்டது.

பூட்ஸ் கம்பெனி தருவது.
வெள்ளை ரப்பர், முழங்கால் வரை,
சுகாதாரப் பரிசோதகரின் சந்தோஷத்துக்காக.
ஐந்து வருடமாய் அதை வெறுத்தேன்.
செவ்வந்தியின் ஃபோனைப் பெருப்பித்துப் பார்த்தால்
அந்தக் குமரியின் காலிலும்
அதே உயரம், அதே வெள்ளை.
அட்டை ஏறினால் வெள்ளையில் உடனே தெரியும்.
இது அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

வரிசையில் முதலாவதாய் பிலவேந்திரன்
கேனை இறக்கிவைத்துச் சொன்னார்:
"என்னா மிஸ், நம்ம ஃப்ரீஷியன் பசு மாதிரியே
உடுத்திருக்கீங்க."
வரிசை முழுக்கச் சிரித்தது.
நானும்தான். நிறம் சரிதானே.
பால் தண்ணி கலந்தது என்று
அன்றைக்கு அவருக்கு எழுதியதற்கும்
இதற்கும் சம்பந்தமில்லை.

"கெடுத்துட்ட" என்றாள் செவ்வந்தி.
கெட்டிருக்கலாம்.
படத்திலிருப்பவள் படம் எடுக்கும்வரை நின்றால் போதும்.
எனக்குப் பின்னேரம் அந்த நூற்றிரண்டையும்
திரும்ப ஏற வேண்டும்.

மேலே எல்லாம் வெளுத்த கறுப்பு.
இறக்கிய நாலு அங்குலம் மட்டும்
அறுபது வருடம் மடிப்புக்குள்
வெயில் காணாமல் கிடந்த கறுப்பு,
கடையிலிருந்து இப்போதுதான் வந்ததுபோல.
இன்று நாலாவது கேன் தளும்பியது.
பால் அதில்தான் தெறித்தது.
துடைக்க
இடது பொக்கட்டில் லேஞ்சி இருக்கிறது.